லண்டனில் புறப்பட்ட ஒரு சான்றிதழ்

நாலு நாளாகத் தூங்காமல், சாப்பிடாமல், கண்ணில் பட்டவரையெல்லாம் அடிக்கப் பாய்கிற ஒருவரை நள்ளிரவில் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறார் அவர். வீட்டார் கைகூப்பி நிற்கிறார்கள். அவர் சம்மதிக்காமலே அவரைச் சேர்க்கலாமா என்று கேஷுவால்டி மருத்துவர் உடனே முடிவெடுத்து, காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.  அந்தக் காகிதம் நாகர்கோவிலுக்கு வந்த வழி நெடியது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் தனியார் விடுதிகள் நல்ல வியாபாரமாக நடந்தன. கணவனுக்குப் பிடிக்காத மனைவியும் சொத்துக்குக் குறுக்கே நின்ற உறவினரும்கூட அங்கே அடைக்கப்பட்டார்கள். கூச்சல் எழுந்தது. 1774இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: விடுதிக்கு உரிமம் வேண்டும், சேர்ப்பதற்கு ஒரு மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். ஏழைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. பணம் கட்டிச் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 1828இல் ஒரு கையெழுத்து போதாது, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்க்கவேண்டும் என்றானது. இன்றைய இந்தியச் சட்டத்திலும் அந்த 'இரண்டு பேர்' இருக்கிறார்கள்.

விடுதி வியாபாரம் கப்பலேறியது. 1794இல் கிழக்கிந்திய கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கானலி மதராஸில் 16 பேருக்கு ஒரு காப்பகம் தொடங்கினார். இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை தன் வரலாற்றை அங்கிருந்துதான் எண்ணுகிறது. கீழ்ப்பாக்கத்துக்கு அது குடிபெயர்ந்தது 1871இல்.

கம்பெனியிடமிருந்து ஆட்சி பிரிட்டிஷ் அரசியின் கைக்கு மாறிய 1858இல், மனநோயாளிகள் குறித்து மூன்று சட்டங்கள் வந்தன. இந்த விஷயத்துக்குள் இங்கே போலீசும் நுழைந்தது. தெருவில் திரிபவரைப் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்துவது காவலரின் வேலையாயிற்று. 1912இன் சட்டமும் இதே தடத்தில் நடந்தது. மனநோயாளி என்றதும் போலீஸ் ஸ்டேஷனை நினைக்கும் பழக்கத்தில் அந்தச் சட்டங்களுக்கும் பங்கு உண்டு.

நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அந்த அரசின் மனநோய்க் காப்பகம் 1870இல் திருவனந்தபுரம் ஊளம்பாறையில் அமைந்தது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. தாய்மொழி மாநிலம் கிடைத்த மகிழ்ச்சியான நாள் அது. ஆனால், சொந்த மாநிலத்தின் மனநல மருத்துவமனை அன்று முதல் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தள்ளி, கீழ்ப்பாக்கத்தில் இருந்தது.

இதற்கிடையே காகிதத்தில் கடிகாரம் ஒன்று ஏறியது. 1959இன் இங்கிலாந்துச் சட்டம், அவசரச் சேர்க்கைக்கு 72 மணி நேரம்தான் என்று வரம்பு கட்டியது. 1967இல் கலிபோர்னியாவும் அதே 72 மணி நேரத்தைச் சட்டமாக்கியது. இந்தியாவிலோ 1912இன் சட்டமே தொடர்ந்தது. 1987இல் இயற்றிய புதிய சட்டம் நடைமுறைக்கு வர 1993 ஆனது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது. 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. இவற்றின் தொடர்ச்சியாக 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிறந்து, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்த 72 மணி நேரம் இப்படித்தான் நம் ஊர் வந்தது. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு போன்றவற்றைத் தடுக்க வேண்டுமென்றால், பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தரலாம். நோயாளியின் சார்பாகப் பேசும் நியமனப் பிரதிநிதி அங்கே இருந்தால் அவரது சம்மதம் வேண்டும். மின்அதிர்ச்சி சிகிச்சையை இந்த அவசரத்தில் தரக்கூடாது. 72 மணி நேரத்துக்கு மேல் சம்மதமின்றி வைத்திருக்க, பிரதிநிதியின் விண்ணப்பத்தோடு இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்கவேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்கவேண்டும். அப்போதும் முதல் வரம்பு 30 நாள்தான். 7 நாளுக்குள், பெண்கள், சிறார் என்றால் 3 நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். நோயின் பெயர் மட்டும் ஒருவரைப் பூட்டிவைக்கக் காரணமாகாது.

இருநூற்று நாற்பது ஆண்டுக்கும் மேலாக மற்றவர்களே கையெழுத்திட்டு வந்த இந்த விவகாரத்தில், 2017இன் சட்டம் நோயாளிக்கும் ஒரு கையெழுத்தைத் தந்திருக்கிறது. எனக்கு நோய் முற்றினால் எனக்காக இன்னார் பேசட்டும் என்று, நலமாக இருக்கும் நாளிலேயே, சிறார் அல்லாத எவரும் ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெள்ளைக் காகிதம் போதும்; கையெழுத்தோ கைநாட்டோ போதும். குமரி மாவட்டத்தில் மனநோயோடு வாழும் ஒவ்வொருவரும், தெளிவாக இருக்கும் ஒரு பகல்பொழுதில் உட்கார்ந்து இதை எழுதிவைக்கவேண்டும்; வீட்டார் துணை நிற்கவேண்டும். மனம் தளும்பும் வேளையில் யாரிடம் பேசுவதென்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. அழைக்கக் கட்டணம் இல்லை.