எவர்சில்வர் சைக்கிளில் ஒரு கோடு

ரமணாசிரமத்துக்கு ஆண்டுதோறும் வரும் ஜெர்மன்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். கூடவே தன் சைக்கிளையும் கொண்டுவருவார். பளபளக்கும் எவர்சில்வர் குழாய்களால் ஆனது.

போன மார்கழியில் அதன் கழுத்துப் பக்க இணைப்பில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. “எவர்சில்வர் துருப்பிடிக்காது, அழுக்குதான்” என்று சொன்னவன் நான். முப்பது வருஷம் இயந்திரங்களோடு உத்தியோகம் பார்த்தவன் சொன்னால் அவர் நம்பத்தானே செய்வார்? நாலு நாள் கழித்து செங்கம் ரோடு மெக்கானிக் ஹேண்டில்பாரைப் பிடித்து அழுத்தினார். கோடு வாய் திறந்தது. “சார், இதுல கிரிவலம் சுத்தியிருந்தா மூஞ்சி போயிருக்கும்” என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. படித்ததையெல்லாம் மறுபடி புரட்டினேன்.

1850, 60களில் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர், அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்தார். சிறிய சுமையானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பு களைத்து முறியும். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் முறையும் தாங்கும் என்று கண்டார். பொறியாளர்கள் நிம்மதி அடைந்தார்கள்.

அந்த நிம்மதியை உப்புநீர் கலைத்தது. முதல் உலகப் போரில், கடல் கண்ணிவெடிகளை விலக்கக் கப்பல்கள் இழுத்துச் சென்ற கருவிகளின் கம்பிவடங்கள் சீக்கிரமே அறுந்தன. அரிப்பும் களைப்பும் தனித்தனியே செய்யும் சேதத்தைவிட, சேர்ந்து செய்வது மிக அதிகம் என்று 1917இல் பிரிட்டனின் ஹேக் எழுதினார். 1920களில் அமெரிக்காவின் மக்ஆடம் அதை விரிவாகச் சோதித்தார். உப்புநீரில் வோலர் சொன்ன பாதுகாப்பு அளவு நிற்கவில்லை.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகும் இதற்கு முழு விலக்கல்ல. அதைக் காப்பது குரோமியம் தரும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். ஒவ்வொரு குலுக்கலிலும் விரிசலின் நுனியில் அந்தப் படலம் கிழிகிறது. வியர்வை உப்பு உள்ளே போகிறது.

சைக்கிளின் இணைப்போ, தட்டான் பொடி வைத்து ஊதுவது போல வெள்ளிக் கலவையை உருக்கி ஒட்டியது. எஃகும் வெள்ளிக் கலவையும் ஈரத்தில் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரிதான். ஒட்டிய எல்லையிலேயே அரிப்பு ஓடும். வெளியே பளபளப்பு குறையாது. நிக்கல் கலந்த பற்றாசு வைத்தால் இது குறையும்.

நம் பாம்பன் பாலத்தை நினைத்துக்கொண்டேன். 1914 முதல் ஒரு பக்கம் உப்புக்காற்று, ஒரு பக்கம் ரயிலின் அதிர்வு. ஆண்டுக்கணக்கில் பெயிண்ட் அடித்து, பழுதான பாகம் மாற்றிக் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்; மேலே இரும்புப் பாகங்களை வெல்டிங் செய்தே இணைத்திருக்கிறார்கள். இணைப்புதான் பலவீனம் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்தும், பளபளப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

ஜெர்மன்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். இப்போது 14 கிலோமீட்டரையும் நடந்தே சுற்றுகிறார். உங்கள் வீட்டு சைக்கிளிலும் துணியால் துடைத்துப் போகாத கோடு இருந்தால், தயவுசெய்து ஏறாதீர்கள்.