மாத்திரையிலிருந்து சொட்டுக்கு: ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தின் இடமாற்றம்

ஆண்டுதோறும் கோடையில் தம் கண்கள் சிவந்து அரிப்பதையும் தும்மல் ஓயாமல் வருவதையும் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் 1819இல் விவரித்து எழுதினார். மகரந்தக் காய்ச்சல் பற்றிய முதல் தெளிவான மருத்துவப் பதிவு அதுவே. அதற்குக் காரணம் மகரந்தத் தூள் என்பதை மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி தம்மையே சோதனைப் பொருளாக்கி நிறுவி, 1873இல் நூலாக வெளியிட்டார். நோயின் களம் மூக்கின் சவ்வும் விழிவெண்படலமும்தான் என்பது இவ்வாறு தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆனாலும், அந்த இடத்திலேயே நின்று வலுவாக வேலை செய்யும் மருந்து கிடைக்க மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தத் தாமதத்துக்கான காரணங்களையே இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒவ்வாமையின்போது இந்த அரிப்பையும் தும்மலையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் உடலியல் விளைவுகளை ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் 1910இல் விளக்கினர். அதை முறியடிக்கும் முதல் சேர்மங்களை 1937இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் கண்டனர். அவை கினிப் பன்றிகளை ஹிஸ்டமினின் தாக்கத்திலிருந்து காத்தன. மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மையும் அவற்றுக்கு இருந்தது. மனிதருக்குப் பயன்பட்ட முதல் மருந்தான ஆன்டர்கன் 1942இல் வந்தது. டைபென்ஹைட்ரமின், நம் ஊர் மருந்துக்கடைகளில் ‘அவில்’ என்று கேட்டு வாங்கும் பெனிரமின், குளோர்பெனிரமின் எல்லாம் அதன் பின் வந்தவை.

இவை அனைத்துக்கும் பொதுவான குறை தூக்கம். விழுங்கிய மருந்து இரத்தத்தில் கலந்து மூளைக்குள்ளும் புகுந்தது. அங்கே விழிப்பைக் காக்கும் வேலையையும் ஹிஸ்டமினே செய்கிறது. மூக்கின் அரிப்பை அடக்க முழு உடலையும் மந்தமாக்க வேண்டியிருந்தது. மூளைக்குள் எளிதில் புகாத டெர்பெனடின் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே பலரும் நம்பினர். ஆனால் எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவற்றோடு சேரும்போது அது கல்லீரலில் சிதையாமல் தேங்கி, உயிர்க்கொல்லியான இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்கியது. 1998இல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. மறு ஆண்டு, அதே வகை மருந்தான அஸ்டெமிசோலும் அதே வழியில் போயிற்று. இந்த அனுபவம் நோயுள்ள இடத்திலேயே நேரடியாக இடும் மருந்தின் மதிப்பை உயர்த்தியது என்பது என் கணிப்பு.

கண்ணில் விடும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து அதற்கு முன்பும் இல்லாமலில்லை. ஆன்டசோலின் சொட்டு நீண்டகாலமாகப் புழக்கத்தில் இருந்தது. அதன் ஆற்றல் போதாததால் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நாபசோலினைச் சேர்த்துக் கொடுத்தனர். சிவப்பு உடனே மறையும். தொடர்ந்து விட்டால், மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

கண்ணின் அமைப்பே இங்கு பெரிய தடை. ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீரோ சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். மிகுதி கன்னத்தில் வழியும், அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கும். இமைக்க இமைக்க எஞ்சியதும் கரைந்துபோகும். எனவே மிகச் சிறு அளவிலேயே, ஹிஸ்டமின் செயல்படும் ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு தேவைப்பட்டது. பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவனம் உருவாக்கிய லெவோகாபாஸ்டின் அத்தகையது. 1993இல் அமெரிக்காவில் கண் சொட்டாக அனுமதி பெற்றது.

திருப்புமுனை 1996. அவ்வாண்டு அசெலாஸ்டின் மூக்கு ஸ்பிரேயும் ஒலோபாடடின் கண் சொட்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஒலோபாடடினின் வரலாறு குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனம் உருவாக்கிய இம்மருந்து முதலில் சொட்டாக வந்தது. ஜப்பானில் மாத்திரையாக விற்பனைக்கு வந்தது 2001இல்தான். மாத்திரையின் கிளையாக இருந்த சொட்டு இங்கே மூத்ததாகிவிட்டது. ஏற்பியை அடைப்பதோடு, ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் அதைக் கொட்டிவிடாமலும் ஒலோபாடடின் தடுக்கிறது. 1999இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட கீட்டோடிபென் சொட்டுக்கும் இந்த இரட்டைச் செயல் உண்டு.

மூக்கில் பீய்ச்சும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு அசெலாஸ்டின் மாற்றாகிவிட்டதா? இல்லை. நாள்பட்ட மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டே வலுவானது. ஆனால் அதன் முழுப் பயன் தெரியச் சில நாள்கள் ஆகும். அசெலாஸ்டின் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே புட்டியில் சேர்த்த ஸ்பிரே 2012இல் அமெரிக்காவில் வந்ததற்கு இதுவே நியாயம்.

பயன்படுத்தும் முறையிலும் கவனம் வேண்டும். அசெலாஸ்டின் கசக்கும், தலையை அண்ணாந்து பீய்ச்சினாலோ வேகமாக உறிஞ்சினாலோ மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். தலையைச் சற்றே முன்னால் சாய்த்துப் பீய்ச்சி, மெதுவாக மூச்சிழுக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டே போதும். விட்டபின் மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து கண்ணிலேயே தங்கும். பல சொட்டு மருந்துகளில் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு காண்டாக்ட் லென்ஸில் படியும் என்பதால் முதலில் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

ஒலோபாடடின் சொட்டை 2020இலும், அசெலாஸ்டின் ஸ்பிரேயை 2021இலும் மருத்துவர் சீட்டின்றி வாங்க அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தது. மூக்கில் பீய்ச்சும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளில் அங்கே அந்த அனுமதியை முதலில் பெற்றது அசெலாஸ்டின்தான்.