ஒரு பழைய நிறமாலைமானி

அரூர் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில், ஓய்வு பெறும் ஆண்டு, பழுதானவை பட்டியலில் ஒரு நிறமாலைமானியையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். எடைக்குப் போனது.

மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி.ராமன் அதே வகைக் கருவியில் முப்பட்டகக் கோணத்தை அளந்தார். இரு முகங்களிலும் எதிரொளிக்கும் பிம்பங்களுக்கு இடைப்பட்ட கோணத்தில் பாதிதான் விடை. நாமெல்லாம் அதை நோட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடுவோம். அவரோ சமச்சீரில்லாத விளிம்பு விளைவுப் பட்டைகளைக் கவனித்தார். 1906 நவம்பரில் லண்டன் 'பிலாசபிக்கல் மேகசின்' இதழில் அது கட்டுரையாக வந்தது. அப்போது அவருக்கு வயது 18.

"ரீடிங் வந்ததா?" என்றே கேட்டுப் பழகிவிட்டேன். "வேறென்னப்பா தெரியுது?" என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. கருவி போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.