சிறுதொழில் வலைத்தளச் சந்தைப்படுத்தல்: ஆர்.கே.புரம்

சிறுதொழில் வலைத்தளச் சந்தைப்படுத்தல் என்பது சிறு கடை, மெஸ், டியூஷன் நிலையம், தையலகம் போன்றவை தம் வலைத்தளத்துக்கும், அதன் வழியே தம் வாசலுக்கும் ஆட்களை வரவழைக்கச் செய்யும் வேலைகளைக் குறிக்கும். தேடுபொறி முடிவுகளில் இயல்பாக இடம்பெறுதல், கட்டண விளம்பரம், வரைபடப் பதிவு, வாட்ஸ்அப் தொடர்பு, வாய்மொழிப் பரிந்துரை ஆகியவை இதில் அடங்கும். தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் டெல்லியின் ஆர்.கே.புரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இடமும் வாடிக்கையாளரும்

ராமகிருஷ்ண பரமஹம்சர் பெயரால் அமைந்த ராமகிருஷ்ணபுரம், தென்மேற்கு டெல்லியில் செக்டர்களாகப் பிரிக்கப்பட்ட மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. 1946-இல் தொடங்கப்பட்ட டெல்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம் செக்டர் 5-இல் இருக்கிறது. 1973-இல் குடமுழுக்கு நடந்த சுவாமிநாத சுவாமி கோயிலான மலை மந்திர் செக்டர் 7-இல் உள்ளது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றும் இங்கு நடக்கிறது.

அரசு குவார்ட்டர்ஸில் யாரும் நிலையாகத் தங்குவதில்லை. மாற்றல் உத்தரவு வந்தாலும் பணி ஓய்வு வந்தாலும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். பத்து வருடம் பழகிய வாடிக்கையாளர் ஒரே மாதத்தில் போய்விடுவார். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் யாரையும் அறியாத குடும்பம் வந்து சேரும். அந்தக் குடும்பம் முன்பெல்லாம் மலை மந்திர் படிகளிலும் சங்கத்து நிகழ்ச்சிகளிலும்தான் மாவுக்கடையையும் பாட்டு டீச்சரையும் விசாரிக்கும். இன்று கைபேசியிடம் முதலில் கேட்கிறது. அங்கே இல்லாத கடை, தெருவில் இருந்தும் அவர்களுக்கு இல்லாததுதான்.

தேடல் இயங்கும் விதம்

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. தானியங்கி நிரல்கள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கின்றன. படித்தவை அட்டவணையில் சேர்கின்றன. யாராவது தேடும்போது அவை தரவரிசைப்படி காட்டப்படுகின்றன. 1998-இல் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை அதன் மதிப்புக்கான சான்றாக எடுத்துக்கொண்டது. அந்த முறையை வகுத்தவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும்.

அக்கம்பக்கக் கடைகளைத் தேடும்போது பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் அறிவித்திருக்கிறது. இந்த உள்ளூர் வரிசையில் காசு கொடுத்து மேலே ஏற முடியாது என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. வரைபடத்தில் கடையைப் பதிவு செய்ய 2014-இல் வந்த 'கூகுள் மை பிசினஸ்', 2021 முதல் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' எனப்படுகிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. சிறு கடைக்காரர் முதலில் செய்யவேண்டிய வேலை இதுவே.

பெயரும் சொல்லும்

ஆர்.கே.புரம் என்ற பெயரில் தெலங்கானாவின் செகந்திராபாத்திலும் ராஜஸ்தானின் கோட்டாவிலும் பகுதிகள் உள்ளன. பெங்களூருவில் இருப்பது கே.ஆர்.புரம். ஆகவே வலைத்தளத்தில் 'ஆர்.கே.புரம்' என்று மட்டும் எழுதினால் போதாது. செக்டர் எண், புது டெல்லி, அஞ்சல் குறியீடு 110022, அருகிலுள்ள அடையாளம் ஆகிய நான்கும் வேண்டும். அடையாளத்திலும் கவனம் தேவை. மெஜந்தா தடத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பகுதியில் ஆர்.கே.புரம் என்றே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. ஆனால் மலை மந்திருக்குப் போகிறவருக்குப் பக்கம் வசந்த் விஹார் நிலையம்தான். கோயிலருகே கடை வைத்திருப்பவர் 'ஆர்.கே.புரம் மெட்ரோ அருகில்' என்று போட்டால் வாடிக்கையாளரை வெயிலில் அலையவிடுவார்.

பொருளின் பெயரும் இப்படித்தான். ஒரு மாவுக்கடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பம் 'இட்லி மாவு' என்று தேடும். எதிர் பிளாக்கின் பஞ்சாபிக் குடும்பம் 'டோசா பேட்டர்' என்று தேடும். இரு சொற்களும் பக்கத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும். கரும்பலகையில் எழுதிய விலைப்பட்டியலைப் படம் பிடித்துப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. பொருள், விலை, நேரம் எல்லாம் எழுத்தாகவே இருந்தால்தான் தேடுபொறி நன்றாகப் படிக்கும். 'திங்கள் விடுமுறை' என்ற ஒரு வரி, பூட்டிய கதவின் முன் ஒருவர் நிற்பதைத் தவிர்க்கும்.

விளம்பரமும் வழக்குகளும்

கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விடும் முறையை 1998-இல் கோடூ.காம் பரவலாக்கியது. கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2000-இல் வந்தது. இன்று விளம்பரத்தின் இடத்தைக் கேட்கும் தொகையோடு அதன் தரமும் அது இட்டுச்செல்லும் பக்கத்தின் தரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சிறு கடைக்கு, தன் சுற்றுவட்டாரத்தை மட்டும் குறித்து நாளொன்றுக்கு உச்சவரம்பு வைத்து விளம்பரம் செய்வதே பாதுகாப்பு.

ஒருவரின் பெயரைப் போட்டியாளர் தேடுசொல்லாக வாங்கலாமா என்ற கேள்வி இந்திய நீதிமன்றங்களுக்குத் தமிழ்த் திருமணத் தளம் வழியாக வந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ தொடுத்த வழக்கில், 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொதுச் சொற்கள் எனக் கருதி, சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2010-இல் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் வேறொரு பக்கத்தைத் தெளிவாக்கியது. வணிகச் சின்னத்தைத் தேடுசொல்லாக்குவது மட்டுமே மீறல் ஆகாது. ஆனால் விளம்பரத் திட்டத்தில் கூகுள் வெறும் இடைத்தரகர் அல்ல, செயலில் பங்கேற்கும் தரப்பு என்றது அது. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. அதிலும் புகார் தந்தவர்களில் மேட்ரிமோனி.காம் ஒன்று.

சிறு கடைக்காரருக்கு இவை தரும் பாடம்: 'சவுத் இந்தியன் ஃபுட்ஸ்' போன்ற பொதுப்பெயரைவிடத் தனித்த பெயரே தேடலிலும் சட்டத்திலும் காப்பு.

தேடுபொறிக்கு அப்பால்

தேடல் புதியவரைக் கூட்டி வரும்; அவரை மறுபடி வரவழைப்பது உறவு. 2018-இல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலை வைத்து, கேட்டவருக்கு மட்டும் செய்தி அனுப்பலாம். கந்த சஷ்டி, நவராத்திரிக் கொலு, பொங்கல் ஆகியவற்றுக்குச் சில வாரம் முன்பே பக்கத்தைப் புதுப்பித்தால் தேடுபொறி அதைப் படித்துச் சேர்க்க அவகாசம் கிடைக்கும். 2022-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய ஓ.என்.டி.சி. என்ற இணைய வணிக வலையமைப்பு, டெல்லி வட்டாரத்தையும் கோயம்புத்தூரையும் முதல் ஐந்து நகரங்களில் சேர்த்தது. பல செயலிகளின் வாடிக்கையாளரை ஒரே பதிவில் எட்ட அது வழி தருகிறது.

வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகள் வாய்மொழிப் பரிந்துரையின் இன்றைய வடிவம். அவற்றைச் சேகரிப்பதற்கும் வெளியிடுவதற்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசுக்கு வாங்கும் நட்சத்திரங்கள் கூகுள் விதிகளுக்கும் புறம்பானவை, பிடிபட்டால் நீக்கப்படும். குறை சொன்னவருக்குப் பணிவாக எழுதும் பதிலை, அடுத்து வரப்போகிறவரும் படிக்கிறார்.

மதிப்பீடு

இத்துறையில் 'முதல் இடம் நிச்சயம்' என்று உறுதி கூறி விற்பவர்கள் உண்டு. அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. வரைபடத்தில் பார்வை எண்ணிக்கையைவிட வழி கேட்டவர், தொலைபேசியில் அழைத்தவர் எத்தனை பேர் என்பதே கடைக்குப் பயன்படும் கணக்கு. சரியான முகவரி, உண்மையான விலை, திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைத் தேடுகிறவரின் சொல்லிலேயே எழுதிவைப்பது செலவில்லாத வேலை, ஆனால் ஓயாத வேலை. மாற்றலாகி நேற்று இறங்கிய குடும்பம், சாமான் மூட்டைகளை அவிழ்க்கும் முன்பே நாளைக் காலை இட்லிக்கு மாவு எங்கே என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கும் கடைக்கே அது வந்து சேரும்.