அடுத்த வருஷம் பார்க்கலாம்! – அத்தியாயம் 11: இடது மூலையை நோக்கி ஒரு பந்து

சென்ற வாரம் ஜாக்கி ராபின்சனை மூன்றாவது பேஸுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவில் ஓடவிட்டு நிறுத்தியிருந்தேன். 1955 செப்டம்பர் 28. பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ். பந்தை வீச யாங்கீஸ் பிட்சர் ஒயிட்டி ஃபோர்டு தயாராகும் நேரத்தில், 36 வயது மனிதர் ஒருவர் ஹோமைத் திருடப் பாய்கிறார். யாங்கீஸ் கேட்சர் யோகி பெர்ரா பந்தைப் பிடித்துக் கையுறையைத் தாழ்த்துகிறார். முதலில் தொட்டது காலா, கையுறையா?

நடுவர் பில் சம்மர்ஸ் இரண்டு கைகளையும் விரித்தார். சேஃப்!

பெர்ரா குதித்தார், கத்தினார், நடுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். 2015இல் தம்முடைய 90ஆவது வயதில் கண் மூடும்வரை அவர் சொல் மாறவில்லை: ராபின்சன் அவுட். அந்தப் படச்சுருளை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் கண்ணுக்கு ராபின்சனின் கால்தான் முதலில் பிளேட்டைத் தொடுகிறது.

ஆனால் அந்த ஓட்டத்தால் ஆட்டம் மாறவில்லை. யாங்கீஸ் 6, ராபின்சனின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 5. மறுநாள் 4–2, அதுவும் யாங்கீஸுக்கே. முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்கே கோப்பை. ஏழு ஆட்டங்களாக நடந்த உலகத் தொடர்களில், முதல் இரண்டையும் தோற்றுவிட்டு மீண்டு வந்த அணி அதுவரை ஒன்றுகூட இல்லை.

புரூக்ளின் தெருக்களில் அந்தப் பழைய வாக்கியம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அந்த வாக்கியத்தின் கனத்தை இந்த இடத்தில் ஒரு தடவை எடைபோட்டுக்கொள்வோம். 1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953. ஏழு முறை உலகத் தொடருக்குப் போய் ஏழு முறையும் தோற்ற அணி இது. கடைசி ஐந்தும் ஒரே அணியிடம்: ஆற்றுக்கு அப்பால், பிராங்க்ஸில், அதே நியூயார்க்கில் குடியிருந்த யாங்கீஸிடம். 1951இல் நடந்ததை ஏழாவது அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லிவிட்டேன். பதின்மூன்றரை ஆட்ட முன்னிலையைத் தொலைத்த அந்தக் கதையை இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை.

தோல்வி பழகிப்போனால் ரசிகர்கள் விலகிப் போவார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்போம். புரூக்ளினில் நடந்ததோ நேர்மாறு. அது ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1898வரை புரூக்ளின் தனி நகரம். நியூயார்க்கோடு அதை இணைத்த பிறகு மேயர் போனார், நகரம் என்ற பெயரும் போனது. 1950 கணக்கெடுப்பில் 27 லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஊருக்கு 'இது எங்களுடையது' என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியவை சில. அவற்றில் ஒன்று 1841இல் தொடங்கிய 'புரூக்ளின் ஈகிள்' நாளிதழ். அதுவும் 1955 தொடக்கத்தில், ஊழியர் வேலைநிறுத்தத்தோடு நின்றுபோனது. அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் என்ன சாதித்தாலும் அதைக் கொட்டை எழுத்தில் போட்டுக் கொண்டாட ஊருக்கென்று பழைய நாளிதழ் இல்லை. மிச்சம் இருந்தது அணி மட்டும்தான். அந்த அணியை அவர்கள் 'உதவாக்கரைகள்' என்று கூப்பிட்டார்கள். பெற்ற பிள்ளையை வைகிற மாதிரியான வசவு அது. வெளியூர்க்காரன் அதே வார்த்தையைச் சொன்னால் கைகலப்பில் முடியும்.

மைதானமும் அப்படி. எபெட்ஸ் ஃபீல்டில் 32,000 பேருக்கு மேல் அதிகம் உட்கார முடியாது. வலப்பக்க மதிலைத் தாண்டினால் பெட்ஃபோர்டு அவென்யூ; ஹோம் ரன் பந்து வந்து விழுமென்று சிறுவர்கள் நடுத்தெருவில் காத்திருப்பார்கள். ஸ்கோர் பலகைக்கு அடியில் ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரரின் விளம்பரம்: இந்தப் பலகையைப் பந்தால் அடிப்பவருக்கு ஒரு சூட் இலவசம். வெளிமைதானப் பக்கத்து இருக்கையிலிருந்து ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டு மணியை ஆட்டி ஆட்டி அரங்கத்தையே எழுப்புவார். மைதானம் அவ்வளவு சிறியது என்பதால் ஆட்டக்காரரின் முகச்சுளிப்பு முதல் வரிசைக்குத் தெரியும். முதல் வரிசைக்காரரின் வசவு ஆட்டக்காரருக்குக் கேட்கும். அந்த மைதானத்துக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதையும் இந்தத் தொடரில் நான் எழுதியாக வேண்டும். அந்த அத்தியாயத்தை முடிந்தவரை தள்ளிப்போடுகிறேன்.

ரசிகர்கள் என்று பொதுவாகச் சொல்லாமல் ஒருவரைக் காட்டுகிறேன். லாங் ஐலண்டில் ராக்வில் சென்டர் என்ற ஊரில் டோரிஸ் கேர்ன்ஸ் என்று ஒரு சிறுமி. ஆறு வயதில் அப்பா அவளுக்குச் சிவப்பு அட்டை போட்ட ஸ்கோர் புத்தகம் ஒன்று வாங்கித் தந்து, குறியீடுகளைச் சொல்லிக்கொடுத்தார். பகலில் அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது அவள் ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டு ஒவ்வொரு பந்தையும் குறித்துவைப்பாள். மாலையில் அப்பா வந்து உட்கார்ந்ததும் முழு ஆட்டத்தையும் அவருக்குச் சொல்வாள். அந்த விவரமெல்லாம் மறுநாள் பத்திரிகையிலேயே வந்துவிடும் என்பதை அப்பா அவளிடம் சொல்லவே இல்லை. தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும் என்றே அவள் நம்பினாள். வளர்ந்தபின் அவர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின்: லிங்கனையும் ரூஸ்வெல்ட்டையும் பற்றி எழுதிய, புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியர். ஒரு நிகழ்ச்சியை எப்படிச் சொன்னால் கேட்பவர் நகராமல் உட்காருவார் என்பதை அவர் முதலில் கற்றது அந்த நாற்காலி ஓரத்தில்தான். வாராவாரம் இந்தத் தொடரை எழுத உட்காரும்போது எனக்கு அந்தச் சிறுமியின் நினைவு வராமல் இருந்ததில்லை.

சரி, தொடருக்கு வருவோம். 0–2.

மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 30, எபெட்ஸ் ஃபீல்டில். டாட்ஜர்ஸ் மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன் பந்தைக் கொடுத்தது ஜானி போட்ரெஸ் என்ற இடக்கைக்காரரிடம். அந்தப் பருவத்தில் அவர் வென்றது 9, தோற்றது 10. வெற்றியைவிடத் தோல்வி அதிகமுள்ள பிட்சரை இப்படிப்பட்ட நாளில் யாராவது அனுப்புவார்களா? நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், விதர்பீ என்ற இரும்புச் சுரங்க ஊரில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அன்று அவருக்கு 23ஆவது பிறந்தநாள். வேகமாக வருவதுபோல் கை சுழலும், பந்தோ தயங்கித் தயங்கி வரும். அந்த மெதுபந்தில் யாங்கீஸ் மட்டைகள் காற்றைத்தான் அடித்தன. டாட்ஜர்ஸ் 8, யாங்கீஸ் 3.

அடுத்த நாள் 8–5. அதற்கடுத்த நாள் ட்யூக் ஸ்னைடர் இரண்டு ஹோம் ரன்கள் அடிக்க, 5–3. மூன்றே நாளில் நிலைமை தலைகீழ். இன்னும் ஒன்று போதும்!

அந்த ஒன்று திங்கட்கிழமை கிடைக்கவில்லை. கார்ல் ஸ்பூனர் என்ற 24 வயது இளைஞரிடம் ஆறாவது ஆட்டம் போனது. முந்தைய ஆண்டு அறிமுகமான முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 27 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். பிறகு தோள்பட்டை வலி. அன்று முதல் இன்னிங்ஸைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் யாங்கீஸ் ஐந்து ரன்களுக்கு வழி செய்துவிட்டது. முடிவு 5–1. ஸ்பூனர் அதற்குப் பிறகு மேஜர் லீக்கில் பந்து வீசவே இல்லை. பேஸ்பால் வரலாற்றில் அவருக்காக இரண்டு வரிகூட ஒதுக்குவதில்லை. இங்கே அவர் பெயர் இருக்கட்டும்.

3–3.

அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை. யாங்கீ ஸ்டேடியம். 62,465 பேர். ராபின்சன் காலில் காயத்தோடு பெஞ்சில். யாங்கீஸின் மிக்கி மேன்டிலும் கால் வலியால் தொடக்க வரிசையில் இல்லை. ஆல்ஸ்டன் மறுபடியும் போட்ரெஸையே அனுப்பினார். எனக்கு ஒரே ஒரு ரன் எடுத்துக் கொடுங்கள், போதும் என்று அவர் தோழர்களிடம் சொல்லிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு.

நான்காவது இன்னிங்ஸில் அந்த ரன் வந்தது. ராய் கேம்பனெல்லா டபுள் அடித்து, அடுத்த அவுட்டில் மூன்றாவது பேஸுக்கு நகர்ந்தார். மட்டையோடு வந்தவர் கில் ஹாட்ஜஸ்.

ஹாட்ஜஸ் பற்றி இங்கே நின்று பேசியே ஆக வேண்டும். 1952 உலகத் தொடரில் ஏழு ஆட்டங்கள், 21 முறை மட்டை, ஒரு ஹிட்கூட இல்லை. அடுத்த வசந்தத்திலும் அதே வறட்சி தொடர்ந்தது. வேறு ஊராக இருந்தால் கூக்குரலிட்டே ஆளை விரட்டியிருப்பார்கள். புரூக்ளின்காரர்கள் கடிதம் எழுதினார்கள். ஜெபமாலை அனுப்பினார்கள். தாயத்து மாதிரி எதை எதையோ அனுப்பினார்கள். 1953இல் வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர்த் தேவாலயம் ஒன்றில் பாதிரியார் எழுந்து, இன்று பிரசங்கத்துக்குத் தாங்காத சூடு, எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள், கில் ஹாட்ஜஸுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள் என்று முடித்துக்கொண்டார். அந்தப் பருவம் முடியும்போது ஹாட்ஜஸ் கணக்கில் 31 ஹோம் ரன்கள். ஒரு ஆட்டக்காரனின் தோல்வியைத் தங்கள் வீட்டு நோயாளிபோல் பார்த்துக்கொண்ட இப்படியொரு ஊரை விளையாட்டு வரலாற்றில் வேறெங்கும் நான் படித்ததில்லை. இந்த அணியை நான் நேசிக்கத் தொடங்கியதே இந்த ஒரு சம்பவத்தால்தான்.

அந்த ஹாட்ஜஸ், அன்று, இடப்பக்கம் ஒரு சிங்கிள் தட்டினார். கேம்பனெல்லா ஹோமுக்கு வந்தார். 1–0. ஆறாவது இன்னிங்ஸில் எல்லாப் பேஸ்களிலும் ஆள் இருக்க, அதே ஹாட்ஜஸ் மைய மைதானத்துக்கு உயரமாக ஒன்று அடித்தார். பிடிபட்டது, ஆனால் பீ வீ ரீஸ் ஓடி வந்துவிட்டார். 2–0.

அதே இன்னிங்ஸில் ஆல்ஸ்டன் இன்னும் ரன் வேண்டுமென்று இரண்டாவது பேஸ்காரர் டான் ஜிம்மருக்குப் பதிலாக ஜார்ஜ் ஷூபாவை மட்டையடிக்க அனுப்பினார். பலனில்லை. பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்தால் அவர் திரும்ப வர முடியாது. காலியான இடத்துக்கு, அதுவரை லெஃப்ட் ஃபீல்டில் நின்ற ஜிம் கில்லியமை உள்ளே கொண்டுவந்தார்கள். லெஃப்ட் ஃபீல்டுக்கு பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து ஓடினார். சாண்டி அமோரோஸ். கியூபாக்காரர், 25 வயது. ஆங்கிலம் சரியாகப் பேச வராது. கால் மட்டும் மின்னல். இடக்கையால் எறிபவர் என்பதால் கையுறை அவருடைய வலக்கையில். இந்த ஒரு விவரத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி. யாங்கீஸ் மட்டை. பில்லி மார்ட்டின் நான்கு கெட்ட பந்துகளில் நடந்தே முதல் பேஸுக்குப் போனார். கில் மக்டூகல்ட் மெல்லத் தட்டிவிட்டு, பந்து வருவதற்குள் ஓடிச் சேர்ந்தார். இரண்டு பேஸில் ஆள், ஒரு அவுட்டும் இல்லை. வருகிறார் யோகி பெர்ரா. போன புதன்கிழமை ராபின்சனிடம் ஏமாந்தவர்.

பெர்ரா இடக்கை மட்டைக்காரர். அவர் பந்து வலப்பக்கம்தான் பறக்கும் என்று ஊருக்கே தெரியும். அதனால் டாட்ஜர்ஸ் வெளிமைதானம் முழுதும் வலப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அமோரோஸும் இடது மூலையை அம்போவென்று விட்டுவிட்டு மையத்தை ஒட்டி நின்றார். ஒரு விதியையும் சொல்லிவிடுகிறேன்: பந்து தரையில் விழுந்தால் மார்ட்டினும் மக்டூகல்டும் நிற்காமல் ஓடி ஸ்கோரைச் சமன் செய்துவிடலாம். கேட்ச் பிடித்துவிட்டாலோ இருவரும் புறப்பட்ட பேஸுக்கே திரும்பியாக வேண்டும்; அதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் ஓடியவரும் அவுட்.

போட்ரெஸ் வீசினார். வெளிப்பக்கம், கொஞ்சம் உயரமாக. பெர்ராவின் மட்டை ஒரு கணம் தாமதமாக வந்தது. பந்து வலப்பக்கம் போகவில்லை. யாருமே இல்லாத இடது மூலையை நோக்கி, ஃபவுல் கோட்டை உரசியபடி, வளைந்து வளைந்து விழப் போகிறது. இது பிடிபடாது என்று தீர்மானித்து மக்டூகல்ட் முதல் பேஸைவிட்டுப் பறந்தார். ஏற்கெனவே இரண்டாவது பேஸைத் தாண்டியாகிவிட்டது. மார்ட்டின் பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறார்.

அமோரோஸ் ஓடுகிறார். அக்டோபர் சூரியன் சாய்ந்து, மேல்தளத்தின் நிழல் மைதானத்தை இரண்டாகப் பிளந்திருக்கிறது. எதிரே தாழ்வான மதில், அதன்மேல் எக்கி நிற்கும் யாங்கீஸ் கூட்டம். ஓடும் வேகத்தில் நின்றால் பந்து விழுந்துவிடும். நிற்காவிட்டால் மதில் காத்திருக்கிறது. கண் பந்தின்மேல். வலக்கை நீள்கிறது...

(தொடரும்)