உப்புக் கரிக்கும் நெற்றி

மண்ணால் உருவான மனிதனின் நாசியில் இறைவன் தம் உயிர்மூச்சை ஊதினார் என்கிறது தொடக்கநூல். மூச்சு நமது உடைமையன்று, கொடை. அக்கொடை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும் பிள்ளையை மடியில் ஏந்திய பெற்றோர் என் செய்வர்? "இறைவனின் திருவுளம்" என்று கைகட்டி நிற்பதுதான் விசுவாசமா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் வருகிறது. நுரையீரலில் சளி பசைபோல் இறுகி, கிருமிகள் குடியேறுகின்றன. வியர்வையில் உப்பு மிகுகிறது. முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பிய மக்கள் முற்காலத்தில் அஞ்சினர்.

1938-இல் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன், இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து இதனைத் தனியொரு நோயென விளக்கினார். 1948-இல் அந்நகரை வாட்டிய கோடை வெப்பத்தில் இந்நோயுற்ற குழந்தைகள் பலர் சோர்ந்து விழுந்தனர். அதன் காரணத்தைத் தேடிய பால் டி சான்ட் அக்னீஸ், அவர்கள் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953-இல் வெளியிட்டார். முன்னோர் அஞ்சிய உப்பே நோயைக் கண்டறியும் சோதனையாயிற்று.

அக்காலத்தில் இக்குழந்தைகள் பள்ளிப் பருவத்தை எட்டுவதே அரிது. ஆயினும் பெற்றோர் ஓயவில்லை. 1955-இல் அமெரிக்காவில் அவர்கள் ஒன்றுகூடி ஓர் அறக்கட்டளையை நிறுவினர். 1957-இல் கிளீவ்லாந்தில் லெராய் மேத்யூஸ், நுரையீரல் கெடும்வரை காத்திராமல் முன்னரே சிகிச்சை தொடங்கவேண்டும் என்னும் முறையை வகுத்தார். பிள்ளையைத் தலை தாழக் கிடத்தி, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தட்டிச் சளியை இளக்குவது பெற்றோரின் அன்றாடக் கடமையாயிற்று. சோர்வுற்ற நாளிலும் ஜெபமாலையை விடாதவர்போல் அவர்கள் அதனை விடவில்லை.

ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவே இவர்களது வாழ்வின் அளவுகோல். ஒவ்வொரு தொற்றும் அதில் சிறிது குறைத்துச் செல்லும். குறைந்தது பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆயினும் எஞ்சிய மூச்சைக்கொண்டு அவர்கள் படித்தனர், உழைத்தனர், பாடவும் செய்தனர். 2004-இல் பிரான்சின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் வென்ற கிரெகோரி லெமார்ஷால் இந்நோயுற்றவரே. மாற்று நுரையீரலுக்குக் காத்திருந்த நிலையில், 2007-இல் தமது 23-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய பெற்றோர் அதே ஆண்டில் பிற நோயாளருக்கென ஒரு சங்கத்தை நிறுவினர்.

1989-இல் பழுதான மரபணு கண்டறியப்பட்டது. அப்பழுதின் விளைவையே சீர்செய்யும் முதல் மருந்து 2012-இலும், நோயாளருள் பெரும்பாலோருக்குப் பயன்படும் மும்மருந்துக் கூட்டு 2019-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. எனினும் சிலரது மரபணுப் பழுதுக்கு இம்மருந்துகள் பயன்படுவதில்லை. வேறு பலருக்கோ, விலையே எட்டாத உயரத்தில் நிற்கிறது. இறைவன் இலவசமாய் ஊதிய மூச்சுக்கு மனிதர் விலை குறித்திருப்பது நம் மனச்சான்றை உறுத்தவேண்டும்.

மற்றொரு துயரும் உண்டு. ஒருவரது கிருமி மற்றவரைத் தொற்றும் என்பதால் இந்நோயாளர் ஒருவரையொருவர் நெருங்கலாகாது. இக்காரணத்தால், அவர்கள் கூடி மகிழ்ந்த கோடைக்கால முகாம்கள் 1990-களில் நிறுத்தப்பட்டன. தம்மைப்போல் துன்புறுபவரின் கரத்தைப் பற்றும் ஆறுதலும் அவர்களுக்கு இல்லை. எனவே நலமுள்ளவரே அருகில் நின்றாகவேண்டும்.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று முதலில் மன்றாடினார். அதன்பின்னரே தந்தையின் திருவுளத்திற்குத் தம்மைக் கையளித்தார். சிலுவையையும் அவர் தனியே சுமக்கவில்லை. சீரேன் ஊர்ச் சீமோனின் தோளும் அதனைத் தாங்கியது. பிள்ளையின் முதுகைத் தட்டிய கரங்களும், உப்பின் காரணத்தைத் தேடிய கண்களும் சீமோனின் பணியையே செய்தன. மூச்சுத்திணறும் ஒருவர் நம் பங்கில் இருப்பின், துன்பத்தின் பொருளை அவருக்குப் போதிக்க விரையாதிருப்போம். அவருடைய சுமையில் எப்பகுதியை நாம் தாங்கலாம் என்று கேட்போம்.