பொருத்தில்லாத் தரையின் கதை

வீடு கட்டுவோரின் பேச்சில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிபடுகிறது: மைக்ரோ சீமெந்து. கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் புதுப்பிக்கும் இல்லங்களிலும் தரை, சுவர், குளியலறை, சமையலறை மேடை என எல்லாவற்றையும் ஒரே பரப்பாகப் போர்த்தும் மெல்லிய பூச்சு இது. அதன் மொத்தத் தடிப்பு இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர்தான். ஓடு பதித்த தரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் பொருத்துக் கோடுகள் இதில் இல்லை. இதனை முற்றிலும் புதியதொரு கண்டுபிடிப்பாக எண்ணுவோர் பலர். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், புதியது என்று ஒன்று வரும்போது அதன் பழைய பெயரைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். இதற்கும் பழைய பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

சீகிரியாக் குன்றில் ஏறியவர்கள் பாதையோரமாகச் செல்லும் 'கண்ணாடிச் சுவரை'ப் பார்த்திருப்பார்கள். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னனின் காலத்தது அது. செங்கல்லால் கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, பளபளக்கும்வரை தேய்த்த சுவர். மன்னன் நடந்து செல்லும்போது அதில் தன் உருவத்தைக் கண்டான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிற்காலத்தில் குன்றைக் காண வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அந்தப் பூச்சின்மீது கவிதைகளைக் கீறிச் சென்றார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான அவற்றுள் 685 கவிதைகளைப் படித்து 1956 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சிங்கள இலக்கிய வரலாற்றுக்குக் கிடைத்த அரிய செல்வமாக அவை போற்றப்படுகின்றன. மென்மையும் இறுக்கமும் கொண்ட ஒரு பூச்சு கிடைத்திராவிட்டால் அந்தக் கவிதைகள் நமக்கு வந்து சேர்ந்திரா.

இந்தப் பூச்சின் இரகசியம் சுண்ணாம்பின் இயல்பில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட கல்லை நீரிலிட்டு நீற்றினால் குழைவான சுண்ணாம்பு கிடைக்கிறது. சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. கல்லைக் குழைத்துப் பூசி, மறுபடியும் கல்லாக்கும் வித்தை என்று இதைச் சொல்லலாம். ஈரம் முற்றாக உலர்வதற்குள் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டு மினுக்கம் வருகிறது.

உலகின் வேறு இடங்களிலும் இதே உண்மையை மக்கள் தாமாகவே கண்டறிந்தார்கள். மொறொக்கோவின் மராகேஷ் நகரத்துக் கொத்தர்கள் 'தடெலாக்ட்' எனப்படும் சுண்ணாம்புப் பூச்சை ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து, ஒலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சவர்க்காரத்தைப் பூசுகிறார்கள். சவர்க்காரம் சுண்ணாம்போடு சேர்ந்து நீரில் கரையாத படலமாகிறது. பொதுக் குளியல் கூடங்களின் சுவர்கள் அப்படித்தான் நீரைத் தாங்கி நின்றன. கடலுக்கு அப்பால், செட்டிநாட்டு மாளிகைகளின் சுவர்களில் சுண்ணாம்புச் சாந்தைப் பல படைகளாகப் பூசி, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, இறுதிப் படையைப் பளிங்குபோல் தேய்த்தார்கள். இன்று அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்த்தாலும் கை வழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய ஆடம்பரம் குறைவு. ஆனால் சுண்ணாம்பு நிறைய இருந்தது. குடாநாடே ஒரு சுண்ணாம்புக் கற்பாறைதான். முருகைக் கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் அடுக்கி, காளவாயில் சுட்ட சுண்ணாம்பால் இணைத்துக் கட்டிய கல்வீடுகளும் நாற்சார் வீடுகளும் தலைமுறைகளைக் கடந்து நின்றன. கல்வீடு கட்ட வசதியற்ற பெரும்பாலானோரின் மண்வீடுகளிலும் பொருத்தில்லாத் தரை இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. சாணமிட்டு மெழுகிய தரைதான் அது. வாரந்தோறும் வீட்டுப் பெண்கள் குனிந்திருந்து கையால் மெழுகி அதைப் புதுப்பித்தார்கள். அந்த உழைப்புக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை.

பின்னர் சீமெந்து வந்தது. 1750களில் இங்கிலாந்தின் எடிஸ்ரன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஜோன் ஸ்மீற்றன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் நீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும் என்று கண்டார். 1824 ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்துக் கொத்தரான ஜோசப் அஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் போட்லண்ட் தீவில் கிடைக்கும் கட்டடக் கல்லைப் போன்றது என்பதால் அந்தப் பெயர். சுண்ணாம்பு மாதக் கணக்கில் செய்த வேலையைச் சீமெந்து நாட்கணக்கில் செய்தது.

நம் ஊர்களில் சிவப்புச் சீமெந்து நிலம் தோன்றியது இதன் வழியாகத்தான். ஈரச் சாந்தின்மீது சீமெந்தும் சிவப்புச் சாயத்தூளும் கலந்த பொடியைத் தூவி, சாந்தகப்பையால் திரும்பத் திரும்ப அழுத்தி மினுக்குவார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் மெழுகு பூசித் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கத் தேய்க்க அதன் நிறம் ஆழமாகும். பெரிய அறையில் வெடிப்பு ஓடாதிருக்க நூல் பிடித்துக் கோடு கீறிக் கட்டங்களாகப் பிரிப்பதும் உண்டு. வடமராட்சியில் முதிய மேசன் ஒருவரிடம் இந்தத் தொழிலைப் பற்றி ஒருமுறை விசாரித்தேன். "தம்பி, சாந்து இறுக முந்தித் தேய்ச்சால் தண்ணி மேல வரும். இறுகினாப் பிறகு தேய்ச்சால் தூள்தான் பறக்கும். இடையில ஒரு நேரம் இருக்கு. அதைக் கைதான் சொல்லும்" என்றார். சீகிரியாவின் சுவரைத் தேய்த்தவனும் மராகேஷின் கொத்தனும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

1950 ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை இயங்கத் தொடங்கியது. அப்போது கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல் நாட்டின் பல பாகங்களுக்கும் சீமெந்தாகச் சென்றது. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டே அழகிய வீடுகளைக் கட்ட முடியும் என்று காட்டியவர்களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003) முதன்மையானவர். அவரது கட்டடங்களில் மினுக்கிய சீமெந்துத் தரை ஏழைமையின் அடையாளமாக இருக்கவில்லை. விரும்பித் தேர்ந்த அழகாகவே அது இருந்தது.

இந்தக் கைத்திறன் எப்படி அருகிப் போனது? 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு ஓடுகள் தாராளமாகக் கிடைத்தன. எங்களூர்ப் பேச்சில் 'மாபிள்' என்று சொல்லப்படும் தரையோடு பதிப்பதே வசதியின் அடையாளமாயிற்று. ஓடு பதிப்பது விரைவான வேலை. அந்த 'இடையில் உள்ள நேரம்' அதற்குத் தேவையில்லை. வடக்கில் போர் வேறொரு வகையில் இதனைச் செய்து முடித்தது. 1990 ஆம் ஆண்டில் காங்கேசன்துறை ஆலையின் உற்பத்தி நின்றது. சுற்றியுள்ள ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். வடக்குக்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சீமெந்தும் சேர்ந்தது. நாட்டுக்குச் சீமெந்து கொடுத்த மண்ணில் ஒரு பை சீமெந்து அரும்பொருளாயிற்று. குண்டு விழுந்த வீட்டைத் திருத்த முடியாத இடத்தில் தரை மினுக்கும் தொழிலை யார் பழகுவார்? பழகியவர்களிற் பலர் புலம்பெயர்ந்து வேறு தொழில்களில் சேர்ந்தார்கள்.

இனி மைக்ரோ சீமெந்துக்கு வருவோம். வெறும் சீமெந்தை மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் பூசினால் நீர் விரைவில் ஆவியாகி, அது இறுகாமலே பொடிந்துவிடும், அல்லது வெடிக்கும். அதனைத் தடுப்பது பொலிமர். அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அடித்தளத்தோடு ஒட்ட உதவுகிறது, சிறிதளவு நெகிழ்வையும் தருகிறது. இந்த எண்ணத்தின் தொடக்கம் நமக்கு அந்நியமானதன்று. 1923 ஆம் ஆண்டில் கிரெசன் என்பவர் பெற்ற பிரித்தானியக் காப்புரிமை, தரை அமைப்பதற்கு இறப்பர்ப் பாலோடு சீமெந்தைக் கலப்பது பற்றியது. இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டது 1876 ஆம் ஆண்டில். அதன்பின் எழுந்த தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவப் போனவர்களில் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையினர். பிற்காலத்தில் செயற்கைப் பொலிமர்கள் இறப்பர்ப் பாலின் இடத்தைப் பிடித்தன. 1950களில் ஜேர்மனியில் அவற்றை உலர்ந்த தூளாக்கும் முறை வந்தது. பையிலேயே கலந்து விற்கும் இன்றைய பூச்சுகளுக்கு அதுவே வழி திறந்தது.

வேலைமுறை இதுதான். அடித்தளத்தைச் சுத்தம் செய்து பற்றுப் பூச்சு இடுவார்கள். தேவையான இடத்தில் கண்ணாடிநார் வலை பதிப்பார்கள். தடித்த படை ஒன்றோ இரண்டோ, மென்படை இரண்டு, இடையிடையே உரசல், இறுதியில் பொலியூரிதேன் காப்புப் பூச்சு. நீரைத் தடுப்பது பெரும்பாலும் இந்த இறுதிப் பூச்சே. அது தேய்ந்தால் கறை உள்ளே இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அடித்தளம் வெடித்தால் மேற்பூச்சும் வெடிக்கும். கட்டடத்தின் அசைவுக்காக விட்ட இடைவெளிகளை இதனால் மூடி மறைக்கவும் இயலாது.

ஊரிலுள்ள பழைய வீட்டைத் திருத்த வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முருகைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டபடி வாழ்வது. காற்றுப் புகாத காப்புப் பூச்சை அதன்மீது இட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பூச்சையும் தள்ளிச் சுவரையும் அரிக்கும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தமானது. இறுகிய கொங்கிறீற் தளமுள்ள புதிய வீட்டில், ஈரமும் வெடிப்பும் சோதித்த பின், மைக்ரோ சீமெந்து நல்ல தெரிவாக இருக்கலாம்.

சுண்ணாம்போ, சிவப்புச் சீமெந்தோ, இந்தப் புதிய பூச்சோ, பொருத்தில்லாத் தரை எப்போதும் கைத்திறனுக்குக் கொடுக்கும் விலைதான். அன்று அந்த விலையை வீட்டுப் பெண்களும் ஊர் மேசன்களும் தம் உழைப்பால் செலுத்தினார்கள். இன்று இறக்குமதிப் பைகளுக்கும் வெளியூர் வேலையாட்களுக்கும் நாம் பணமாகச் செலுத்துகிறோம். சிவப்பு நிலம் மினுக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். வீடு கட்டுவோர் அவர்களைத் தேடி அழைத்து, பக்கத்தில் இரண்டு இளைஞரையும் நிறுத்தி ஓர் அறையையாவது செய்விக்கலாம். சாந்து இறுகும் நேரத்தைக் கண்டுகொண்ட கைக்கு மைக்ரோ சீமெந்தைப் பழகுவது பெரிய காரியமன்று. அந்த முதியவர்கள் போய்விட்டால் அந்த நேரத்தைச் சொல்லிக்கொடுக்க நம்மிடையே எவரும் இருக்கமாட்டார்கள்.